புழுவுக்கு வைத்த நஞ்சு

உலோக மாசு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது ஆலைப் புகையும், ஆற்றில் கலக்கும் கழிவுநீரும்தான். யாரோ ஏதோ ஒரு பொருளைத் தயாரிக்கிறார்கள். அதன் மிச்சம் மண்ணில் போய்ச் சேருகிறது. அந்த மண்ணில் வளர்ந்த இலையைத் தின்ற புழுவும் பூச்சியும் பாதிக்கப்படுகின்றன. இது நமக்குத் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்றும் உண்டு. இலை தின்னும் பூச்சிகளைக் கொல்வதற்காகவே, தெரிந்தே, அரசாங்கத்தின் ஆலோசனையோடு, ஈயத்தையும் ஆர்சனிக்கையும் வயலிலும் தோப்பிலும் தெளித்த கதை அது. ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. அமெரிக்காவில் 1867-இல் தொடங்கி 1940-களின் இறுதி வரை, ஏறக்குறைய 80 வருடங்கள்! (ஆர்சனிக் முழுமையான உலோகம் அல்ல, பாதி உலோகம். ஆனால் மாசு பற்றிப் பேசும்போது ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றோடு அதையும் ஒரே வரிசையில் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.)

உலோகம் பூச்சியை என்ன செய்தது, பூச்சி உலோகத்தை என்ன செய்தது, இரண்டுக்கும் நடுவில் மனிதனுக்கு என்ன மிஞ்சியது என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனை உலகத்தில் நடந்ததில்லை என்றே சொல்லலாம். பரிசோதனை என்று யாரும் நினைக்காமலே நடந்தது அது.

உருளைக்கிழங்கைத் தேடி வந்த வண்டு

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரை ஒட்டிய பகுதிகளில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஒரு சிறிய வண்டு இருந்தது. 1824-இல் தாமஸ் சே என்ற விஞ்ஞானி அதற்கு முறைப்படி பெயர் வைத்துப் பதிவு செய்தார். முள் நிறைந்த ஒரு காட்டுச்செடியைத் தின்று அது தன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தது. அந்தக் காட்டுச்செடி நம்ம ஊர் கத்தரி, சுண்டைக்காய் இனத்தைச் சேர்ந்தது. உருளைக்கிழங்கும் அதே இனம்தான்.

குடியேறிகள் மேற்கு நோக்கி நகர்ந்தார்கள். கூடவே உருளைக்கிழங்கு வயல்களும் நகர்ந்தன. ஒரு கட்டத்தில் வண்டு தன் பழைய உணவைவிடச் சுவையான உறவுக்காரச் செடியைக் கண்டுகொண்டது. 1859-இல் நெப்ராஸ்கா பகுதியில் உருளைக்கிழங்கு வயல்கள் பாழாயின. அடுத்த 15 வருடங்களில், அதாவது 1874-க்குள், அந்த வண்டு அட்லாண்டிக் கடற்கரையைத் தொட்டுவிட்டது. வண்டு கப்பலேறி வந்துவிடுமோ என்ற பயத்தில் பிரிட்டன் 1877-இல் தனிச் சட்டமே இயற்றியது.

விவசாயிகள் என்ன செய்வார்கள்? முதலில் கையால் பொறுக்கினார்கள். குடும்பமே வயலில் இறங்கிப் பொறுக்கினாலும் தீரவில்லை. அப்போதுதான் ஒரு பச்சை நிறப் பெயின்ட் கைக்குக் கிடைத்தது.

பச்சைப் பெயின்ட் பூச்சி மருந்தான கதை

'பாரிஸ் பச்சை' என்று அதற்குப் பெயர். பெயரில் பாரிஸ் இருந்தாலும் அது ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் 1814-இல் பெயின்ட் தொழிலுக்காக உருவாக்கப்பட்டது. தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு கலவை. கண்ணைப் பறிக்கும் பச்சை. சுவர்க் காகிதத்திலும் துணியிலும் செயற்கைப் பூக்களிலும் அந்தக் காலத்தில் இது போன்ற ஆர்சனிக் பச்சைகள் தாராளமாகப் புழங்கின.

1867-இல் இதை உருளைக்கிழங்கு வண்டின் மீது தூவிப் பார்த்தார்கள். வண்டு செத்தது! செடி பிழைத்தது. விலையும் குறைவு. மாவோடு கலந்து தூவுவது, தண்ணீரில் கலக்கித் தெளிப்பது என்று முறைகள் வந்தன. பெரிய அளவில் பயன்பட்ட முதல் ரசாயனப் பூச்சிக்கொல்லி என்று பலரும் பாரிஸ் பச்சையைத்தான் சொல்கிறார்கள்.

இது எப்படிக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏனென்றால் மீதிக் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது. பாரிஸ் பச்சை தொட்டால் கொல்லும் நஞ்சு அல்ல. வயிற்று நஞ்சு. இலையோடு சேர்த்துத் தின்றால்தான் வேலை செய்யும். குடலின் உட்சுவரைச் சிதைக்கும், உயிரணுக்கள் சக்தி உண்டாக்குவதைத் தடுக்கும். பூச்சி முதலில் தின்பதை நிறுத்தும், பிறகு சுருண்டு விழும். ஆகவே இது இலையைக் கடித்துத் தின்னும் பூச்சிகளுக்கு மட்டுமே எமன். இலைக்குள் ஊசியை விட்டுச் சாறு உறிஞ்சும் அசுவினி போன்றவற்றுக்கு இலையின் மேல் கிடக்கும் தூள் ஒரு பொருட்டே அல்ல.

ஒரு குறையும் இருந்தது. பாரிஸ் பச்சையில் உள்ள ஆர்சனிக்கில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும். கரைந்த ஆர்சனிக் இலையையே கருக்கிவிடும். குறைவாகப் போட்டால் புழு சாகாது, அதிகமாகப் போட்டால் மரம் கருகும். இந்தக் குறைதான் ஈயத்தை உள்ளே கொண்டு வந்தது. அதற்கு முன் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பார்க்க வேண்டும்.

ஒரு பட்டு ஆசை

எத்தியென் லியோபோல்ட் த்ரூவெலோ. பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்ட் ஊரில் குடியேறியவர். ஓவியர், பூச்சி ஆர்வலர். பட்டு உற்பத்தி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. அதற்காக 1860-களின் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியின் முட்டைகளை வரவழைத்து வீட்டில் வளர்த்தார். 'ஜிப்சி அந்து' என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட பூச்சி அது. (அந்தப் பெயர் ஒரு இனத்தாரை இழிவுபடுத்துகிறது என்பதால் அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் 2022-இல் அதை மாற்றி, முட்டைக் குவியலின் தோற்றத்தை வைத்துப் 'பஞ்சு அந்து' என்ற பொருளில் புதுப்பெயர் சூட்டியது.)

சில புழுக்கள் தப்பிவிட்டன. த்ரூவெலோ அதை மறைக்கவில்லை, சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் பூச்சியை விட்டுவிட்டு வானியல் பக்கம் போனார். ஹார்வர்ட் வானாய்வகத்தில் சேர்ந்து கோள்களையும் வால்நட்சத்திரங்களையும் அற்புதமாக வரைந்தார். 1882-இல் பிரான்சுக்கே திரும்பிவிட்டார்.

தப்பிய புழுக்கள் திரும்பிப் போகவில்லை. 20 வருடங்கள் சத்தமில்லாமல் பெருகின. 1889 கோடையில் மெட்ஃபோர்ட் ஊர் மக்கள் கண்ட காட்சி பயங்கரமானது. மரங்கள் மொட்டையாயின. சுவர், வேலி, நடைபாதை எங்கும் கம்பளிப்புழுக்கள். மரத்திலிருந்து புழுவின் எச்சம் விழும் ஓசை மழை பெய்வது போல் கேட்டது என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1890-இல் மாநில அரசு களத்தில் இறங்கியது. குறிக்கோள், பூச்சியைக் கட்டுப்படுத்துவது அல்ல. அடியோடு ஒழிப்பது! ஆட்கள் மரம் மரமாக ஏறி முட்டைகளைச் சுரண்டினார்கள். பாரிஸ் பச்சையைத் தெளித்தார்கள். ஆனால் வளர்ந்த கம்பளிப்புழுக்கள் அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. அளவைக் கூட்டினால் இலை கருகியது.

ஊர் மக்களுக்கும் இது பிடிக்கவில்லை. மெட்ஃபோர்டில் எதிர்ப்புக் கூட்டமே நடந்தது. தன் இடத்துக்குள் நுழைந்தவர்களின் தெளிப்புக் குழாயை அறுக்க முயன்ற ஒருவர் கைது செய்யப்பட்டு அபராதம் கட்டினார். வேறு சிலர் அரசாங்க ஆட்கள் போன பிறகு, தோட்டக் குழாயைத் திறந்து மரத்தைக் கழுவிவிட்டார்கள். மருந்தும் மண்ணோடு போனது.

ஈயம் வருகிறது

இந்த இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்து ஒரே பதில் 1892-இல் கிடைத்தது. ஒழிப்புப் பணியில் வேதியியலாளராக இருந்த எஃப். சி. மோல்டன் என்பவர் ஆர்சனிக்கை ஈயத்தோடு சேர்த்து 'ஈய ஆர்சனேட்' தயாரித்தார்.

இதன் குணங்களைப் பாருங்கள். வெள்ளைத் தூள். தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. அதனால் இலை கருகாது. எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். இலையில் பசை போல ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தாலும் எளிதில் போகாது. குழாயைத் திறந்து கழுவினாலும் போகாது.

கரையாது, கழுவினாலும் போகாது, பல நாள் நிற்கும். 1892-இல் இவை மூன்றும் பாராட்டுச் சொற்கள். நூறு வருடம் கழித்து இதே மூன்றும் குற்றச்சாட்டுகள் ஆயின என்பதுதான் இந்த வரலாற்றின் சாரம்.

ஈய ஆர்சனேட் வந்ததால் பஞ்சு அந்து ஒழிந்ததா? இல்லை. பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்த பிறகு, பூச்சியின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று 1900-இல் மாநில சட்டமன்றம் நிதியை நிறுத்தியது. ஐந்தே வருடத்தில் பூச்சி முன்பைவிட அதிகப் பரப்பில் திரும்பி வந்தது. ஆனால் அந்த மருந்து மட்டும் மாசசூசெட்ஸ் எல்லையைத் தாண்டி நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் காத்திருந்தார்: ஆப்பிள் தோப்பு.

ஆப்பிளும் அதற்குள் இருக்கும் புழுவும்

ஆப்பிளை வெட்டினால் உள்ளே இருக்கும் புழு பெரும்பாலும் 'காட்லிங்' என்ற அந்துப்பூச்சியின் புழு. முட்டையிலிருந்து வெளிவந்ததும் பழத்தைத் துளைத்து உள்ளே போய் விதை வரைக்கும் தின்றுவிடும். உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. ஆக, அது தோலைக் கடிக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் வாய்ப்பு. தோல் மீது நஞ்சு தயாராக இருக்க வேண்டும்.

பூவிதழ் உதிர்ந்தவுடன், பிஞ்சின் நுனியில் இருக்கும் சிறிய கிண்ணம் போன்ற பகுதி மூடிக்கொள்வதற்கு முன் தெளித்துவிட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கிண்ணத்துக்குள் நஞ்சு தங்கிவிடும். அந்த வழியாக நுழையும் புழு செத்துவிடும். மேற்கே வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா, வெனாட்சி பள்ளத்தாக்குகள், கொலராடோ, கிழக்கே வர்ஜீனியா, நியூயார்க் என்று ஆப்பிள் விளைந்த இடமெல்லாம் ஈய ஆர்சனேட் போனது.

ஆரம்பத்தில் பலன் நன்றாக இருந்தது. ஒரு பருவத்துக்குச் சில முறை தெளித்தால் போதும். பிறகு போதவில்லை. இன்னொரு முறை தெளித்தார்கள். பிறகு அதுவும் போதவில்லை. அளவும் கூடியது, தடவையும் கூடியது. வெண்மை படிந்த ஆப்பிள்கள் பெட்டியேறின. புழு மட்டும் குறையவில்லை.

புழு கற்ற பாடம்

பூச்சி மருந்துக்குப் பழகிக்கொள்ளுமா என்ற கேள்வியை 1914-இலேயே மெலாண்டர் என்ற வாஷிங்டன் மாநில ஆய்வாளர் கேட்டிருந்தார். அவர் பார்த்தது பழமரங்களின் சாறு உறிஞ்சும் செதில் பூச்சியை, மருந்தும் கந்தகச் சுண்ணாம்புக் கலவை. கேள்வி அன்றைக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும்.

1928-இல் ஹக் என்ற வர்ஜீனிய ஆய்வாளர் ஆப்பிள் புழுவை வைத்தே இதைச் சோதித்தார். பல வருடம் கடுமையாக ஈய ஆர்சனேட் தெளிக்கப்பட்ட கொலராடோவிலிருந்து ஒரு கூட்டம் புழு. அந்த அளவுக்குத் தெளிக்கப்படாத வர்ஜீனியாவிலிருந்து ஒரு கூட்டம் புழு. இரண்டையும் நஞ்சு தெளித்த ஆப்பிளின் மீது விட்டார். வர்ஜீனியப் புழுக்களைவிடக் கொலராடோப் புழுக்கள் அதிக எண்ணிக்கையில் தோலைத் துளைத்து உயிரோடு உள்ளே போயின!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆயிரம் புழுவில் 990 செத்தாலும், பிழைத்த 10 ஏதோ ஒரு விதத்தில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டவை. சுறுசுறுப்பாகத் துளைப்பவையாக இருக்கலாம், நஞ்சைத் தாங்கும் உடல் உள்ளவையாக இருக்கலாம். அடுத்த தலைமுறை முழுக்க அந்தப் பத்தின் பிள்ளைகள். ஒவ்வொரு தெளிப்பும் ஒரு நுழைவுத் தேர்வு மாதிரி. தேர்வு கடினமாக ஆக, தேறியவர்களின் தரமும் உயர்ந்துகொண்டே போனது.

உலோகத்தைக் கையாளும் வழிகள் பூச்சிகளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் உண்டு. பல பூச்சிகள் உலோகத்தைக் குடல் செல்களுக்குள் கட்டி வைக்கின்றன. அதைப் பிடித்து வைக்கவென்றே அவற்றின் உடலில் சில புரதங்கள் இருக்கின்றன. பழைய செல்கள் உதிரும்போதும், தோல் உரிக்கும்போதும், எச்சத்தோடும் உலோகத்தின் ஒரு பகுதி வெளியே போய்விடும். ஒரு வருடத்தில் இரண்டு மூன்று தலைமுறை காணும் ஒரு சிறிய உயிருக்கு மாறிக்கொள்ள நேரம் தாராளமாகவே இருந்தது.

லண்டனுக்குப் போன ஆப்பிள்

இந்தச் செலவுக் கணக்கில் இன்னொரு தரப்பும் இருந்தது: ஆப்பிளைத் தின்பவர்கள்.

1900-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் ஆர்சனிக் கலந்த பீர் குடித்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் இறந்தனர். (அந்த ஆர்சனிக் பூச்சி மருந்திலிருந்து வந்ததல்ல. பீர் தயாரிக்கும் சர்க்கரையில் சேர்ந்த அமிலத்தின் வழியாக வந்தது.) அதை விசாரித்த அரசு ஆணையம் 1903-இல், உணவில் ஒரு பவுண்டுக்கு நூறில் ஒரு கிரெய்ன் ஆர்சனிக்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு சொன்னது. நம் கணக்கில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.4 மில்லிகிராம்.

1925-இல் அமெரிக்க ஆப்பிள் சாப்பிட்டு லண்டனில் சிலர் நோயுற்றதாகச் செய்தி வந்தது. சோதித்ததில் பல ஆப்பிள்களில் ஆர்சனிக் வரம்பைத் தாண்டியிருந்தது. இறக்குமதியையே தடை செய்வோம் என்று பிரிட்டன் எச்சரித்தது. அமெரிக்காவிலும் இது புதிய செய்தி அல்ல. 1919-இலேயே பாஸ்டன் நகர அதிகாரிகள் ஆர்சனிக் படிந்த பழங்களைப் பறிமுதல் செய்திருந்தார்கள். ஆனால் சொந்த ஊர் வாடிக்கையாளரின் வயிறு செய்யாததை வெளிநாட்டுச் சந்தை செய்தது. ஏற்றுமதி போய்விடும் என்றதும் அமெரிக்க வேளாண் துறை வேகம் காட்டியது.

பதில் என்ன தெரியுமா? தெளிப்பதைக் குறைக்கவில்லை. கழுவுவதைக் கூட்டினார்கள்! நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆப்பிளைக் கழுவும் இயந்திரங்கள் வந்தன. உள்நாட்டு வரம்பு முதலில் தளர்வாக வைக்கப்பட்டு, படிப்படியாக இறுக்கப்பட்டு, 1930-களின் தொடக்கத்தில்தான் பிரிட்டன் சொன்ன அளவை எட்டியது. ஈயத்துக்கும் அதே காலத்தில்தான் வரம்பு வந்தது. மருந்தைத் தெளித்த கூலித் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போனதைக் கழுவ எந்த இயந்திரமும் இல்லை.

மருந்து நின்றது, மண் நின்றதா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. வந்தது. மலிவு, தொட்டாலே கொல்லும். 1948 வாக்கில் ஆப்பிள் தோப்புகள் ஈய ஆர்சனேட்டைக் கைவிடத் தொடங்கின. பிறகு டி.டி.டி.-க்கும் காட்லிங் புழு பழகிக்கொண்டது. கூடவே, இரை பிடித்துத் தின்னும் நல்ல பூச்சிகளை டி.டி.டி. கொன்றுவிட்டதால் சிலந்திப் பேன்கள் பெருகின. அது தனிக் கதை. ஈய ஆர்சனேட்டைப் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் அதிகாரப்பூர்வமான தடை வந்தது 1988-இல். அதற்குள் அதைத் தெளிப்பவர்கள் யாரும் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் கணக்கு முடியவில்லை. வணிகவியலில் எந்த இயந்திரத்துக்கும் தேய்மானம் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் பூஜ்யத்தைத் தொடும். ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் தேய்மானம் கிடையாது. அவை தனிமங்கள். டி.டி.டி. கூடப் பல வருடங்களில் மெல்ல மெல்லச் சிதையும். தனிமம் சிதைந்து இல்லாமல் போகாது. இடம்தான் மாறும், அதுவும் எளிதில் மாறாது.

ஈயம் மண்ணைப் பிடித்துக்கொண்டு மேல் மண்ணிலேயே, பெரும்பாலும் ஒரு அடிக்குள்ளேயே, நிற்கிறது. ஆர்சனிக் அதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கும். பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட்ட தோப்புகளில் கன்றுகள் வளராமல் குன்றிப் போயின. ஆர்சனேட்டும் செடிக்கு உரமான பாஸ்பேட்டும் வேதியியலில் ஒரே ஜாடை. பாஸ்பேட் உரம் போட்டால் அது மண்ணில் இடம் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருந்த ஆர்சனிக்கை விடுவித்துவிடும். மண்ணைத் திருத்தப் போட்ட உரமே நஞ்சை எழுப்பிவிட்ட கதை.

வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் சுமார் 1,87,000 ஏக்கர் நிலம் இப்படி மாசுபட்டிருக்கக்கூடும் என்பது அந்த மாநில அரசின் மதிப்பீடு. தோப்புகள் வீட்டு மனைகளாகின. சில பள்ளி மைதானங்களாகின. குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் 2000-க்குப் பிறகு அரசே பல பள்ளி வளாகங்களில் மண்ணைச் சோதித்துச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. கிழக்கே வட கரோலினாவில் ஒரு பழைய ஆப்பிள் தோப்பு, மனைகளாகி மக்கள் குடியேறிய பிறகு, 2001-இல் நாட்டின் மிக மோசமான மாசு இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஆலை எதுவும் இருந்ததில்லை. இருந்தது ஆப்பிள் மரங்கள் மட்டுமே.

உருக்காலைப் பக்கம் என்ன நடந்தது?

தோப்பில் உலோகம் இலையின் மேலே கிடந்தது. ஆலைகளைச் சுற்றி அது மேலேயும் படிகிறது, வேர் வழியாக இலைக்குள்ளேயும் போகிறது. அங்கே பூச்சிகள் எல்லாம் ஒழிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பின்லாந்தில் ஹர்யவால்டா என்ற ஊரில் 1945 முதல் தாமிர உருக்காலை இயங்கி வருகிறது. பிறகு நிக்கலும் சேர்ந்தது. 1980-களில் ஹெலியோவாரா, வைசானன் என்ற இரு பின்லாந்து ஆய்வாளர்கள் ஆலையிலிருந்து தள்ளித் தள்ளிப் பைன் மரங்களில் வாழும் பூச்சிகளை எண்ணினார்கள். ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. சில இனங்கள் ஆலையை நெருங்க நெருங்கக் குறைந்தன. பைன் பட்டைக்கு அடியில் சாறு உறிஞ்சும் ஒரு நாவாய்ப்பூச்சியோ ஆலைக்கு மிக அருகில் குறைவாகவும், கொஞ்சம் தள்ளி மிக அதிகமாகவும், இன்னும் தொலைவில் மறுபடி சாதாரணமாகவும் இருந்தது.

மாசு நடுத்தரமாக இருக்கும் இடத்தில் பூச்சி பெருகுவானேன்? இரண்டு விளக்கங்கள் உண்டு. நோயுற்ற மரத்தின் சாற்றில் பூச்சிக்குப் பிடித்த சத்துகள் கூடிவிடுகின்றன, மரத்தின் எதிர்ப்பும் தளர்ந்துவிடுகிறது என்பது ஒன்று. பூச்சியைத் தின்னும் எதிரிகள் மாசினால் அதற்கு முன்பே குறைந்துவிடுகின்றன என்பது இன்னொன்று. எது எங்கே பொருந்தும் என்பது இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் ஒன்று உறுதி. 'உலோகம் கூடினால் பூச்சி குறையும்' என்று நேர்கோடாக யாரும் போட முடியாது.

செடிகளுக்கு முன்பே தெரிந்த வித்தை

இந்தக் கதையில் கடைசித் திருப்பம் செடிகளிடமிருந்து வருகிறது. நிக்கல் நிறைந்த மண்ணில் வளரும் சில செடிகள் அந்த உலோகத்தை உறிஞ்சித் தங்கள் இலையில் சேர்த்து வைக்கின்றன. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அந்தப் பாலைக் காய வைத்தால் அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நிக்கல்! 1976-இல் இது வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது.

செடிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? தங்களைத் தின்னும் பூச்சிகளுக்கு எதிரான தற்காப்பாக இருக்கலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் பாய்டும் மார்ட்டென்ஸும் 1994-இல் கலிபோர்னியாவின் ஒரு நிக்கல் செடியை வைத்துச் சோதித்தார்கள். நிக்கல் மண்ணில் வளர்ந்த செடியைத் தின்ற முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் செத்தன. அதே செடியைச் சாதாரண மண்ணில் வளர்த்துக் கொடுத்தபோது புழுக்கள் வளர்ந்தன. மோல்டன் 1892-இல் செய்த வேலையை இந்தச் செடி எத்தனையோ காலமாகச் செய்துவருகிறது.

அப்படியானால் செடி ஜெயித்துவிட்டதா? அதே செடியில், அந்த நிக்கல் சாற்றையே உறிஞ்சி நிம்மதியாக வாழும் ஒரு சிறிய நாவாய்ப்பூச்சி இருக்கிறது. அதன் உடம்பிலும் நிக்கல் நிறைய. 2001-இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது பாய்டின் பெயரையே வைத்தார்கள். உலோகத்தால் பூச்சியைத் தடுக்கலாம் என்று காட்டியவரின் பெயர், உலோகத்தால் தடுக்க முடியாத பூச்சிக்கு!

முடிவாக

ஆரம்பத்தில் பார்த்த பூச்சிகள் இப்போது எங்கே? உருளைக்கிழங்கு வண்டு பின்னர் ஐரோப்பாவிலும் குடியேறிவிட்டது. மருந்துக்கு மருந்து பழகிக்கொள்வதில் உலகப் புகழ் பெற்றது அது. காட்லிங் புழு இன்னும் ஆப்பிள் விவசாயியின் முதல் எதிரிகளில் ஒன்று. பஞ்சு அந்து அமெரிக்காவின் வடகிழக்கு முழுக்கப் பரவி நிற்கிறது. அதன் கூட்டத்தைப் பெரிய அளவில் சரித்தது எது தெரியுமா? 1989-இல் அங்கே தலைகாட்டிய ஒரு பூஞ்சை. மெட்ஃபோர்டில் புழு மழை பெய்து சரியாக நூறு வருடம் கழித்து, யாரும் தெளிக்காமலே வந்த ஒரு நோய்.

லாப நஷ்டக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லாபம், சில பத்தாண்டுகள் புழு குறைந்த ஆப்பிளும் உருளைக்கிழங்கும். அதை லேசாக ஒதுக்க முடியாது. வேறு வழி தெரியாத விவசாயியின் ஒரு வருட உழைப்பை அது காப்பாற்றியிருக்கிறது. நஷ்டம், இன்னும் பல தலைமுறைகளுக்கு அந்த மண்ணிலேயே கிடக்கப்போகும் ஈயமும் ஆர்சனிக்கும். லாபத்தைப் பெற்றவர்கள் ஒரு தலைமுறை, நஷ்டத்தைச் சுமப்பவர்கள் வேறு தலைமுறை. அந்த மைதானத்தில் விளையாடிய பிள்ளைகள் அந்த ஆப்பிளைத் தின்றதே இல்லை.

பூச்சிக்கு ஒரு வருடத்தில் சில தலைமுறைகள். அது மாறிக்கொண்டது. சில இடங்களில் பெருகவும் செய்தது. மண்ணுக்கு அந்த வசதி இல்லை. குழந்தைகளுக்கும் இல்லை. புழுவுக்கு வைத்த நஞ்சு புழுவைத் தாண்டிப் போய் யாரிடம் நிற்கும் என்ற கேள்வியை 1867-இலோ 1892-இலோ ஒருவர் உரக்கக் கேட்டிருந்தால் பதில் அப்போதே தெரிந்திருக்கும். ஈயம் நஞ்சு என்பதும் ஆர்சனிக் நஞ்சு என்பதும் அன்றைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே!